தலைவர் உண்டு, முதலாளி இல்லை

விழுப்புரம்,
ஞாயித்துக்கிழமை மத்தியானம்.

என் அருமைச் சிநேகிதிக்கு,

முட்டி வலி எப்படி இருக்கு, அந்தத் தைலத்தைத் தேய்க்கிறியா, இல்ல வழக்கம்போல கொஞ்ச நாள் தேய்ச்சுட்டுப் பரண் மேல போட்டுட்டியா? போன்லயே பேசியிருக்கலாம்தான், ஆனா நீ குக்கர் விசிலை எண்ணிக்கிட்டே "ம்... ம்..." கொட்டுவ, நான் பாதிக் கதையை முழுங்கிடுவேன், அதனாலதான் இன்னிக்கு ஜெராக்ஸ் கடையை அடைச்சுட்டு, சாப்பிட்ட கையோட உட்கார்ந்து எழுதறேன். திண்டிவனத்துல டைப்ரைட்டிங் கிளாஸ்ல பக்கத்துப் பக்கத்து மிஷின்ல உட்கார்ந்து, மாஸ்டர் காதுல விழாம தட்டற சத்தத்துக்குள்ளயே வம்பு பேசுவோமே, அதே மாதிரி இன்னிக்கும் வம்புதான். ஆனா சொந்தக்காரங்க வம்பு இல்லை, பயந்துக்காதே. உலகம் முழுக்க இருக்கிற கம்ப்யூட்டர்க்காரங்க வம்பு. நம்ம சின்னவ சொல்லச் சொல்ல எனக்கு சீரியல் பார்க்கிறதே விட்டுப்போச்சுடி.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, சின்னவ ஞாயித்துக்கிழமையானா ஒரு கிளாஸுக்குப் போறாள். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுன்னு பேரு, பிள்ளைங்க சுருக்கி வி.ஜி.எல்.யு.ஜி.ங்குதுங்க. பத்து வருஷத்துக்கு மேலா இந்த ஊர்ல நடத்திட்டு இருக்காங்க. கிராமத்துப் பிள்ளைங்களையும் அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரியில படிச்சதுங்களையும் கூப்பிட்டு வெச்சு, பைசா வாங்காம கட்டற்ற மென்பொருள் சொல்லிக் கொடுக்கறாங்க. நானும் முதல்ல சும்மா கொடுக்கறதுல என்ன இருக்கப் போகுதுன்னுதான் நினைச்சேன். நம்ம கடையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கே, அதை வித்த புண்ணியவான் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டான், கூட்டம் சேர்ற நேரமா பார்த்து அது கறுப்புத் திரையைக் காட்டிக்கிட்டு நிக்கும், பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட் எடுக்க வந்த பிள்ளைங்க என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கும். ஒரு ராத்திரி சின்னவ அதை மொத்தமா துடைச்சுட்டு டெபியன்னு ஒண்ணைப் போட்டாள். அன்னியிலிருந்து அது கம்முனு வேலை செய்யுது. பிரிண்டர்தான் அப்பப்போ முறைச்சுக்கும், அது பேப்பர் செய்யற வேலை, டெபியன் மேல பழி போடக் கூடாது.

அப்போ நான் கேட்டேன், "இதுக்கு முதலாளி யாருடி?" "முதலாளியே இல்லைம்மா"ன்னாள். இங்கதான் கதை ஆரம்பம்.

அமெரிக்காவுல இயன் முர்டாக்னு ஒரு காலேஜ் பையன், 1993 ஆகஸ்ட் 16ஆம் தேதி இதை ஆரம்பிச்சார். அப்போ காதலிச்சுட்டு இருந்த டெப்ரா பேரையும் தன் பேரையும் ஒட்டி டெபியன்னு வெச்சார். கல்யாணமும் நடந்துச்சு, பிற்பாடு பிரிஞ்சும் போயிட்டாங்க, பேரு மட்டும் ஒட்டியே கிடக்கு. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, தான் பெத்த பிள்ளைன்னு கட்டிப் பிடிச்சுக்காம 1996லயே அந்த மனுஷன் பொறுப்பை இன்னொருத்தர் கையில கொடுத்துட்டு ஒதுங்கிட்டார். 2015 டிசம்பர்ல அவர் காலமாயிட்டார், பாவம், நாப்பத்திரண்டு வயசுதான். டெபியன் அது பாட்டுக்கு நடக்குது. உபுண்டுன்னு கேள்விப்பட்டிருப்பியே, அது இதை அடியா வெச்சுக் கட்டினதுதான். அட, உன் பெரிய பையனுக்கு பிளஸ் டூவுல அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுத்துச்சே, அதுல பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சே ஞாபகம் இருக்கா? அது சி-டாக் சென்னை ஆபீஸ்ல செஞ்சது, அதுக்கும் அடி டெபியன்தான். ஆக, உனக்குத் தெரியாமலே உன் வீட்டுக்கு எப்பவோ வந்துட்டுப் போயிருக்கு.

முதலாளி இல்லைன்னா யாருடி நாட்டாமை பண்றதுன்னு கேட்பியே. இதுக்குன்னு ஒரு அரசியல் சாசனமே எழுதி வெச்சிருக்காங்க, 1998ல. அதுக்கு முந்தின வருஷமே, உபயோகிக்கறவங்களுக்கு நாங்க என்ன வாக்குக் கொடுக்கறோம்னு ஒரு சமூக ஒப்பந்தமும் போட்டுட்டாங்க. வருஷா வருஷம் தலைவர் தேர்தல். ஒரே வருஷம்தான் பதவி, வேணும்னா திரும்ப நிக்கலாம். ஓட்டு யாருக்குன்னா, சேர்த்துக்கிட்ட டெவலப்பர்களுக்கு, ஏறக்குறைய ஆயிரம் பேர். ஓட்டுச் சீட்டு நம்ம ஊர் மாதிரி ஒருத்தருக்குக் குத்திட்டு மை வெச்சுக்கிட்டு வர்றது இல்லை, எனக்கு முதல்ல இவர், ரெண்டாவது அவர்னு வரிசை போடணும், அந்த வரிசையில "இவங்க யாரும் வேணாம்"கிறதும் ஒரு வேட்பாளரா நிக்கும். அதுக்குக் கீழ போனா டெபாசிட் போன மாதிரிதான்.

இதுல ஒரு சங்கதி, உனக்குன்னே எடுத்து வெச்சேன். நம்ம பக்கத்து மாநிலம் கேரளாவுல இருந்து ஸ்ருதி சந்திரன்னு ஒரு பொண்ணு, லைப்ரரியனா இருந்து இதுக்குள்ள வந்தவங்க, இந்தத் தலைவர் பதவிக்கு 2020, 2021, 2024னு மூணு தடவை நின்னாங்க. இந்த உலகத்துல பொம்பளைங்க இவ்வளவு கம்மியா இருக்கறதைப் பத்தி யாராவது வாய் திறந்து பேசணும், அதுக்காகவே நிக்கறேன்னாங்க. அந்த மூணு தடவையும் ஜெயிக்கலை. 2024ல ஆந்த்ரேயாஸ் டில்லேன்னு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். ஆனா ஒருத்தரும் "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை"ன்னு தடுக்க வழி கிடையாது, ஏன்னா யார் நிக்கலாம்னு எழுதி வெச்சிருக்கு. 2023 செப்டம்பர்ல டெபியன்காரங்க உலக மாநாடு நம்ம கொச்சியில நடந்துச்சாம், இந்தியாவுல அதுதான் முதல் தடவை. இங்கேருந்து ராத்திரி ரயில் ஏறினா காலையில கேரளா, நமக்குத் தெரியவே இல்லை பாரு.

இன்னும் ஒண்ணு. தேர்ந்தெடுத்த தலைவர் யாரையும் "இதைச் செய்"னு வேலை வாங்க முடியாது. யாருக்கும் வேலை செஞ்சே ஆகணும்கிற கட்டாயம் இல்லைன்னு சாசனமே சொல்லுது. எடுத்த முடிவுக்கு எதிரா குழி பறிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இதைக் கேட்டதும் நான் சிரிச்சுட்டேன்டி. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு இந்தச் சாசனம் தெரிஞ்சா ஃப்ரேம் போட்டுக் கூடத்துல மாட்டிடுவாங்க.

சரி, கட்டாயமும் இல்லை, சம்பளமும் இல்லைன்னா வேலை எப்படி முடியும், புதுப் பதிப்பு எப்படி வெளிய வரும்? அதுதான் பெரிய கதை. ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' படத்துல வர்ற பொம்மைங்க பேரு வெப்பாங்க. அந்தக் காலத்துல முர்டாக்குக்கு அடுத்துத் தலைவரா வந்த புரூஸ் பெரன்ஸ், அந்தப் படம் எடுத்த பிக்ஸார் கம்பெனியில வேலை பார்த்தவர். எழுதறவங்க புதுசா எதைக் கொண்டாந்தாலும் முதல்ல 'சிட்'ங்கிற இடத்துல போடணும். படத்துல பொம்மைங்களை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன் பேரு அது. அங்க கொஞ்ச நாள் கிடந்து பெரிய பிழை எதுவும் வரலைன்னா, 'டெஸ்டிங்'குக்குத் தானா நகரும். அங்கேருந்து ஸ்டேபிள்னு சொல்ற நிலையான பதிப்புக்கு அவ்வளவு சுலபமா போக விட மாட்டாங்க. 'ஃப்ரீஸ்'னு ஒண்ணு இருக்கு. புதுசு எதுவும் கொண்டாராதே, இருக்கிறதைச் சரி பண்ணுங்கிற அர்த்தத்துல, படிப்படியா கதவைச் சாத்திக்கிட்டே வருவாங்க. 'டிரிக்ஸி'ங்கிற 13ஆவது பதிப்புக்கு 2025 மார்ச் 15ல முதல் கதவு, ஏப்ரல் 15ல ரெண்டாவது, மே 15ல மூணாவது, ஜூலை 27ல முழு அடைப்பு, ஆகஸ்ட் 9ல வெளியீடு. அதுல கிட்டத்தட்ட 70,000 பேக்கேஜ், அதாவது தனித்தனி மென்பொருள் மூட்டை. நம்ம சின்னவ அந்த மாசங்கள்ல ஃப்ரீஸ், ஃப்ரீஸ்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சாள். எங்க அத்தை, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் போல இருக்குன்னு நினைச்சு மாவை எடுத்துப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டு வந்துட்டாங்க.

அந்த மாசங்கள்ல என்ன பண்ணுவாங்கன்னா, வெளியீட்டை நிறுத்தற அளவு பெரிய பிழைங்களை ஒவ்வொண்ணா தீர்ப்பாங்க. அந்தப் பிழையை யார் வேணும்னாலும் எழுதிப் போடலாம், ஓட்டு இருக்கணும்னு இல்லை, திண்டிவனத்துல இருந்து நீ எழுதினாலும் அதுக்கு ஒரு நம்பர் விழும், எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதைச் சரி செய்ய ஆள் வரலைன்னா, அந்தப் பேக்கேஜ் எவ்வளவு பெரிய மனுஷனுடையதா இருந்தாலும் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க, ரொம்ப முக்கியமானதை மட்டும் விட்டு வெச்சு மல்லுக்கட்டுவாங்க. முன்னெல்லாம் இந்த ஒழுங்கு இவ்வளவு பிடிபடலை. 2002 ஜூலைக்கு அப்புறம் அடுத்த பதிப்பு 2005 ஜூன்லதான் வந்துச்சு, கிட்டத்தட்ட மூணு வருஷம். ஊரே கேலி பேசிச்சு. அப்புறம்தான் எப்போ கதவைச் சாத்தறதுன்னு முன்கூட்டியே சொல்லிடற பழக்கம் வந்து, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைங்கிற மாதிரி ஓரளவு நிலைச்சிருக்கு. கவனிச்சியா, சாத்தற தேதியைத்தான் முன்னாடியே சொல்றாங்க. வெளிய விடற தேதியைக் கடைசியிலதான் சொல்லுவாங்க.

இப்போ உண்மையான வம்புக்கு வரேன், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காரு. 2006ல ஆஸ்திரேலியாக்காரர் ஆன்டனி டவுன்ஸ் தலைவர். அடுத்த பதிப்பு 'எட்ச்' டிசம்பர்ல வந்தே தீரணும்னு ஒரு ஆசை. அதுக்கு என்ன பண்ணாங்கன்னா, டங்க்-டேங்க்னு ஒரு ஏற்பாடு, வெளியீட்டு வேலை பார்க்கிற ரெண்டு பேர், ஸ்டீவ் லாங்காசெக், ஆந்த்ரேயாஸ் பார்த், அவங்களுக்கு ஆளுக்கு ஒரு மாசம் முழுநேரமா உட்கார்ந்து முடிக்கட்டும்னு பணம் திரட்டிக் கொடுக்கறது. கேட்கறதுக்கு நியாயமாத்தானே இருக்கு? உனக்கும் எனக்கும் அப்படித்தான் தோணும். ஆனா பத்திக்கிச்சு பாரு நெருப்பு! ராத்திரி பகலா சும்மா உழைச்சவங்க எல்லாம், அவங்க வேலைக்குக் காசு உண்டு, என் வேலைக்குக் கிடையாதா, யார் முடிவு பண்ணாங்க எது பெரிய வேலைன்னு, கொதிச்சுப் போயிட்டாங்க. சில பேர் கை வேலையைக் குறைச்சுட்டாங்க. நான் ஏன் சும்மா செய்யணும்னு. தலைவரை இறக்கணும்னு ஓட்டெடுப்பு வரைக்கும் போச்சு, இறக்கலை. பதிப்பு டிசம்பர்ல வந்துச்சா? இல்லை. 2007 ஏப்ரல் 8ல வந்துச்சு. பணம் போட்டும் நினைச்ச தேதியைப் பிடிக்க முடியலை.

நான் இதை நினைச்சுக்கிட்டே படுத்துக் கிடந்தேன்டி. பணம் கொடுத்தது தப்புன்னு எனக்குத் தோணலை, ரெண்டு பேரும் வேலைக்காரங்கதான். எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணாம செஞ்சதுதான் குத்திடுச்சு. ஒரு மனுஷன் மனசார செஞ்சுட்டு இருக்கிற வேலைக்குப் பக்கத்துலேயே விலைச் சீட்டு ஒட்டிட்டா, அவனுக்கு அதுவரைக்கும் இல்லாத கணக்கெல்லாம் ஞாபகத்துக்கு வந்துடும்.

இந்த இடத்துல எனக்கு உங்கப்பா ஞாபகம் வந்துச்சு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல வயக்காட்டு வேலை பார்த்தாரே, நாம கிளாஸ் முடிஞ்சு போனா மடி நிறைய மல்லாட்டை கொடுப்பாரே. டி.எம்.வி. 2 மல்லாட்டையை 1940லயே அங்கேருந்துதான் வெளியிட்டாங்க, குடியாத்தம் கொத்துக்கடலையில இருந்து பொறுக்கியெடுத்தது, டி.எம்.வி.ங்கிறதே திண்டிவனம்தானே. புது ரகம் நல்லா காய்க்குதுன்னு அங்க ஒருத்தர் சொன்னா உடனே ஊருக்கு விட்டுடுவாங்களா? நிலையத்துல போட்டுப் பார்க்கணும், அப்புறம் பல ஊர் நிலையங்கள்ல போட்டுப் பார்க்கணும், அப்புறம் விவசாயி நிலத்துலேயே போட்டுப் பார்க்கணும், கடைசியா மாநில ரக வெளியீட்டுக் குழு உட்கார்ந்து சரின்னா தான் பேரு வெச்சு விதை கொடுப்பாங்க. ஒரு பருவம் தவறினா போகட்டும், பொய் விதை போனா ஒரு வருஷச் சோறு போயிடும்னு உங்கப்பா சொல்லுவார். டெபியன்காரங்க ஃப்ரீஸும் அதே புத்திதான்டி, வேற ஒண்ணும் இல்லை.

அந்தப் புத்தி எவ்வளவு உசத்தின்னு 2024 மார்ச்ல தெரிஞ்சுபோச்சு. எக்ஸ்-இசட்னு ஒரு சின்ன மென்பொருள், ஃபைலைச் சுருக்கறது, பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதைப் பின்லாந்துல ஒருத்தர் வருஷக்கணக்கா தனியாளா பார்த்துக்கிட்டு இருந்தார். மனசுக்கு முடியலை. ஜியா டான்ங்கிற பேருல ஒரு ஆள் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல அடக்க ஒடுக்கமா உதவி பண்ணான். கூடவே வேற சில பேருங்க, "நீ மெதுவா பண்றே, பொறுப்பை அடுத்தவங்ககிட்ட கொடு"ன்னு அந்த மனுஷனைக் குடைஞ்சாங்க. பொறுப்பு கை மாறிச்சு, உள்ளே ஒரு கள்ளக் கதவை வெச்சுட்டான். கண்டுபிடிச்சது யார் தெரியுமா? ஆந்த்ரேஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர், தன்னோட டெபியன் மிஷின்ல உள்ளே நுழையறதுக்கு வழக்கத்தை விட அரை செகண்ட் அதிகமாகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டினார். அரை செகண்டுடி! நாம காஸ் சிலிண்டருக்குக் காத்திருக்கிறவங்க, நமக்கு அரை நாள் போனாலும் தெரியாது. மார்ச் 29ல ஊருக்கே சொல்லிட்டார். அந்தக் கள்ளச் சரக்கு டெபியன்ல சிட், டெஸ்டிங் மாதிரி சோதனை இடங்கள்லதான் இருந்துச்சு, நிலையான பதிப்புக்குள்ள நுழையலை. நிலையான பதிப்பு பழசா இருக்குன்னு பழிச்சவங்க எல்லாம் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டாங்க. ஜியா டான் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வெளிய வரலை.

இதுல எனக்கு உறைச்சது கள்ளன் கதை இல்லை, அந்தப் பின்லாந்துக்காரர் கதைதான். ஒருத்தர் தலையிலேயே எல்லாம் கிடந்தா, அவர் சோர்ந்து போற அன்னிக்கு யார் வந்து தாங்கிப் பிடிக்கறாங்களோ அவங்க கைக்குச் சாவி போயிடும். கூட்டமா இருக்கற இடத்துல சண்டை வரும், ஓட்டு வரும், தாமதம் ஆகும், 2014ல கம்ப்யூட்டர் துவங்கும்போது எது முதல்ல ஓடணும்கிற ஒரே கேள்விக்கு டெபியன்காரங்க தொழில்நுட்பக் குழு நாலுக்கு நாலுன்னு பிரிஞ்சு, தலைமை உறுப்பினர் தன் ஓட்டைப் போட்டு முடிச்சு, பிடிக்காதவங்க டெவுவான்னு தனியாவே போயிட்டாங்க. இருக்கட்டுமே. எல்லாம் வெளிச்சத்துல நடந்துச்சு, யார் என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கும் எடுத்துப் படிக்கலாம். ஒரே ஆள் தாங்கிக்கிட்டு இருந்த இடத்துலதான் எக்ஸ்-இசட் நடந்துச்சு.

அப்பா, எவ்வளவு நீளமா எழுதிட்டேன், கை வலிக்குது. பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கே, விக்கிரவாண்டி டோல்கேட்டுல மாட்டிக்கிட்டு என்னைத் திட்டாதே, பாசஞ்சர் ரயிலைப் பிடிச்சு வந்துடு.

கடைசியா ஒரே வேண்டுகோள், அதுக்காகத்தான் இவ்வளவு பீடிகை. டெபியனை கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது மொழி கேட்கும், அதுல தமிழும் இருக்கு. ஆனா தமிழாக்கத்தை யாராவது உட்கார்ந்து படிச்சு, எழுத்துப் பிழை, புரியாத வரி, பாதி தமிழாகாம நிக்கிற வரின்னு எடுத்துச் சொல்லணும், ஒவ்வொரு பதிப்புக்கு முன்னாடியும் வரிகளை மாத்தறதை நிறுத்தி மொழிபெயர்க்கறவங்களுக்குன்னு நேரம் ஒதுக்குவாங்களாம், அதுக்குள்ள முடிக்கணும். கோடு எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்க நம்ம ஊர்ல ஏராளமா வந்துட்டு இருக்கு. வல்லினம் எங்க மிகும், எங்க மிகாதுன்னு சொல்ற ஆள்தான் இல்லை. முப்பது வருஷம் தமிழ் நடத்திட்டு ரிட்டையராகி வீட்டுல சும்மா தானே இருக்கே. ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பி வா, சின்னவளோட உன்னை அனுப்பி வைக்கறேன். அங்க உனக்குச் சம்பளம் கிடையாது, உத்தரவு போடவும் யாரும் இல்லை. ஆனா நீ "இது இன்னும் சரியாகலை"ன்னு எழுதிப் போட்டா, அதுக்கும் ஒரு நம்பர் விழும், எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அன்புடன்,
உன் சிநேகிதி.